வாழ்நாள் பட்டியலும் தாய்மொழியும்



1933-ஆம் ஆண்டில் சாலிம் அலி திருவிதாங்கூர், கொச்சி நாடுகளின் பறவைகளை ஆராய்ந்தார். மறையூர், மூணாறு, பரம்பிக்குளத்தை அடுத்த குரியார்குட்டி ஆகிய இடங்களில் தங்கினார். துணைவியார் தெகமினாவும் உடன் சென்றார். பறவை காண்பது அன்றே குடும்பப் பணியாயிற்று.

பாலக்காட்டுப் பகுதியில் பிறந்த பேராசிரியர் கே. கே. நீலகண்டன், 'இந்துசூடன்' என்னும் புனைபெயரில், 1958-இல் கேரளப் பறவைகளைப் பற்றி மலையாளத்திலேயே நூல் எழுதினார். அவர் தம் தாய்மொழிக்குச் செய்ததை நாமும் நம் இல்லத்தில் செய்யலாகாதா?

முதன்முறை கண்ட ஒவ்வோர் இனத்தையும் நாளும் இடமும் குறித்து எழுதுவதே வாழ்நாள் பட்டியல். பாலக்காட்டிலும் இடுக்கி மலைகளிலும் குடியேறிய நம் பிள்ளைகள் பலர் அதனை ஆர்வத்தோடு எழுதுகின்றனர். பெயர்களோ ஆங்கிலத்தில் மட்டுமே உள்ளன. செம்போத்து, கொண்டலாத்தி, இருவாய்ச்சி என்பன பாட்டியர் அறிந்த பெயர்கள். பேரன் அறியானாயின், பறவை இருக்கும், பெயர் பறந்துவிடும்.

ஆதலின் ஏட்டில் தமிழ்ப் பெயருக்கும் ஒரு கட்டம் வரையுங்கள். பிள்ளை பறவையைக் காட்டட்டும். பாட்டி பெயரைச் சொல்லட்டும். அவ்வேடு இரண்டு தலைமுறைகளின் கூட்டுச் செல்வமாகும்.