தலைத் தீபாவளி

கல்யாணமான முதல் தீபாவளியைப் பெண் வீட்டில் கொண்டாடுவது நம் வழக்கம். விடியற்காலை 4 மணிக்கே மாப்பிள்ளையையும் பெண்ணையும் மணையில் உட்காரவைத்து, உச்சியில் நல்லெண்ணெய் வைப்பார்கள். சீயக்காய் தேய்த்துக் குளித்து வந்தால், ஓரத்தில் மஞ்சள் தடவிய புதுத்துணி காத்திருக்கும். அப்புறம் ஓர் உருண்டை லேகியம். சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம் அரைத்து, வெல்லம் சேர்த்து, நெய்யும் நல்லெண்ணெயும் விட்டுச் சுருளச் சுருளக் கிளறியது. அன்றைய பலகாரமெல்லாம் செரிக்க அதுதான் மருந்து. வீட்டுக்கு வீடு அதன் காரம் மாறும். மாமியாரின் கைப்பக்குவம் மாப்பிள்ளையின் நாக்கில் பதிவது அந்த உருண்டையில்தான் என்பேன்.

ஆனால் மோதிரம், சங்கிலி என்று சீர் கேட்டுப் பெண்ணைப் பெற்றவர்களைக் கடனில் தள்ளுவது பெரும் தவறு. புது மாப்பிள்ளைகளே, நீங்களே முந்திக்கொண்டு சொல்லிவிடுங்கள்: "மாமா, எண்ணெயும் லேகியமும் போதும்."