வெள்ளுடையும் விளக்கொளியும்

பாலே என்னும் ஐரோப்பிய நடனத்தைப் படத்திலேனும் பார்த்திராதவர்கள் உங்களில் மிகச் சிலரே இருப்பீர்கள். நுனிக்காலில் நிற்கும் ஒரு மங்கை. இடையை இறுகப் பிடித்த மேற்சட்டை. அதன் கீழே வெண்முகில்போல விரிந்து நிற்கும் மெல்லிய பாவாடை. ஆடலுக்கென்றே யாரோ ஒரு கலைஞர் கற்பனை செய்து தந்த உடை இது என்றுதான் நானும் நெடுநாள் எண்ணியிருந்தேன். உண்மை வேறு. ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன் பாரிஸ் நகரத்துச் சீமாட்டிகள் மாலை விருந்துக்கு உடுத்திச் சென்ற உடைதான், சற்றே மெலிந்து, சற்றே குறுகி, மேடை ஏறியது. அது மேடை ஏறிய கதையையும், அதற்காகச் சிலர் கொடுத்த விலையையும் இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நடனமாடிய பெண்கள் அரசவை உடையிலேயே ஆடினர். இருபுறமும் கூடையைக் கவிழ்த்தாற்போலப் புடைத்து நிற்கும் பாவாடை. உயர்ந்த குதிகால் வைத்த செருப்பு. இந்தச் சுமையோடு எவ்வளவுதான் ஆடிவிட முடியும்? மரி கமார்கோ என்னும் நடனமணி, தம் பாதங்களின் விரைவைப் பார்ப்பவர்கள் காணவேண்டும் என்று பாவாடையைச் சில விரற்கடை உயர்த்தினார். அவருடைய போட்டியாளரான மரி சாலே 1734-இல் இலண்டனில், கூடைப் பாவாடையை அறவே நீக்கி, கிரேக்கச் சிலையைப்போல மஸ்லின் ஆடை அணிந்து, கூந்தலை அவிழ்த்துவிட்டு ஆடினார். பின்னர் 1789-இல் பிரெஞ்சுப் புரட்சி வந்தது. அதன் பிறகு வீதியிலேயே கூடைகளும் குதிகால்களும் மறைந்தன. மெல்லிய மஸ்லின் நாகரிகமாயிற்று. அதில் உயர்ந்த ரகம் நம் வங்கத்திலிருந்து கப்பலேறிச் சென்றது. அக்காலப் பெண்கள் அணிந்த தட்டையான பட்டுச் செருப்பே இன்றைய பாலே செருப்பின் மூதாதை.

இனி, 1832-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 12-ஆம் நாளுக்கு வருவோம். அன்று பாரிஸ் ஆப்பெரா அரங்கில் ‘லா சில்ஃபீத்’ என்னும் நடன நாடகம் அரங்கேறியது. ஸ்காட்லாந்து நாட்டு இளைஞன் ஒருவனைத் திருமண நாளன்று ஒரு காற்றுத் தேவதை மயக்கிக் காட்டுக்கு அழைத்துச் செல்லும் கதை. தேவதையாக ஆடியவர் மரி தாலியோனி. அவர் நுனிக்காலில் எழுந்து நின்றபோது, அவரைத் தாங்கியது இக்காலத்தைப் போன்ற கடினமான முனை வைத்த செருப்பன்று. நுனியில் நூலால் நெருக்கமாகத் தைத்து வலுவூட்டிய சாதாரணப் பட்டுச் செருப்புதான். அவர் அணிந்திருந்ததோ, தோள் தெரியும் இறுக்கமான மேற்சட்டையும், மணியைக் கவிழ்த்தாற்போன்ற வடிவில் கெண்டைக்கால் வரை தொங்கும் வெள்ளைப் பாவாடையும். ஒட்டிய இடையும் மணிவடிவப் பாவாடையும் அவ்வாண்டின் பாரிஸ் நாகரிகமே. அரங்கில் அமர்ந்திருந்த சீமாட்டிகள் தங்கள் உடையின் ஆவியையே மேடையில் கண்டார்கள் என்று சொன்னால் மிகையாகாது.

அந்த ஆவித் தோற்றத்தை உண்டாக்கியவை இரண்டு. ஒன்று துணி. ஜான் ஹீத்கோட் என்ற ஆங்கிலேயர் 1808, 1809 ஆகிய ஆண்டுகளில், கையால் பின்னி வந்த நுண்ணிய வலைத்துணியைப் பின்னும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். 1816-இல் லப்ரோ நகரில் இருந்த அவருடைய ஆலைக்குள் லட்டைட்டுகள் எனப்பட்ட தொழிலாளர் கூட்டத்தினர் இரவில் புகுந்து இயந்திரங்களை நொறுக்கினர். ஆயினும் இயந்திரம் பிழைத்தது. செல்வர்க்கு மட்டுமே கிட்டிய வலைத்துணி மலிவாயிற்று. அடுக்கடுக்காக வைத்துத் தைக்க முடிந்தது. மற்றொன்று விளக்கு. பாரிஸ் ஆப்பெராவில் 1822-இல் வாயு விளக்கு வந்தது. விரும்பியபோது கூட்டவும் குறைக்கவும் இயன்ற அவ்வொளி, வெண்துணியினூடே பாய்ந்தபோது நிலவொளி போலிருந்தது.

துணியும் சுடரும் அருகருகே இருந்தால் என்ன நேரும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. 1844 டிசம்பரில் இலண்டன் துரூரி லேன் அரங்கில் கிளாரா வெப்ஸ்டர் என்னும் இளம் நடனமணியின் உடையில் தீப்பற்றியது. சில நாட்களில் அவர் இறந்தார். இந்த ஆபத்து மேடைக்கு மட்டும் உரியதாகவும் இல்லை. 1856-க்குப் பின் எஃகு வளையங்கள் வைத்த ‘கிரினோலின்’ பாவாடை வீடுதோறும் பரவியபோது, அடுப்பங்கரையிலும் கணப்பருகிலும் பெண்கள் பலர் எரிந்தனர். அமெரிக்கக் கவிஞர் லாங்ஃபெலோவின் மனைவி 1861-இல் ஆடையில் தீப்பற்றியே மாண்டார்.

பிரெஞ்சு அரசு கண்ணை மூடிக்கொண்டிருக்கவில்லை. மேடைத் திரைகளையும் உடைகளையும் கார்த்தெரோன் என்பவர் கண்ட முறைப்படி, எளிதில் தீப்பற்றாத இரசாயனக் கரைசலில் தோய்க்கவேண்டும் என்று 1859-இல் ஆணை பிறந்தது. ஆனால் தோய்த்த துணி விறைத்தது; வெண்மை மங்கியது. அப்போது பாரிஸ் கொண்டாடிய எம்மா லிவ்ரி என்ற பெண், தாலியோனியின் மாணவி. 1860-இல் ஆசிரியையே அவருக்காக ஒரு நடன நாடகம் அமைத்தார். அதன் பெயர் ‘பட்டாம்பூச்சி’. தீயில் சிறகு கருகும் பட்டாம்பூச்சி வேடம் லிவ்ரியுடையது. அதே ஆண்டில் லிவ்ரி அரங்கத் தலைவருக்கு ஒரு கடிதம் எழுதினார்: தாம் சாதாரணப் பாவாடையிலேயே ஆடப்போவதாகவும், விளைவுக்குத் தாமே பொறுப்பு என்றும்.

1862 நவம்பர் 15-ஆம் நாள் ஒத்திகை நடந்தது. தம் முறைக்குக் காத்திருந்த லிவ்ரி, பாவாடை கசங்காதிருக்க அதைச் சற்று உயர்த்தி உதறினார் என்பர். அந்தக் காற்றில் பக்கத்து விளக்கின் சுடர் எழுந்தது. எரியும் உடையோடு அவர் மேடையில் ஓடினார். எட்டு மாதம் வேதனையில் கிடந்து, 1863 சூலை 26-ஆம் நாள் இறந்தார். வயது இருபது.

இதை அழகுப் பித்து என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. எடையின்மையே தன் கலை என்று பயின்ற பெண்ணுக்கு, விறைத்த துணி கலையையே பறிப்பதாகத் தோன்றியிருக்கும். ஆனால் ஒன்று கேட்கத் தோன்றுகிறது: பதினேழு, பதினெட்டு வயதுப் பெண் எழுதிய கடிதத்தை ஏற்றுக்கொண்டு, அரசாணையை மடக்கி வைத்த பெரியவர்களுக்கு அதில் பொறுப்பே இல்லையா?

பிறகு உடை மேலும் குறுகியது. 1885-இல் இத்தாலிய நடனமணி விர்ஜீனியா சுக்கி, செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் வழக்கத்தினும் குட்டையான பாவாடை அணிந்தே ஆடுவேன் என்று பிடிவாதம் செய்தார். வீதியில் பெண்களின் உடையோ அப்போதும் தரையைப் பெருக்கியது. மேடையும் வீதியும் அங்கே பிரிந்தன. இலண்டன் சவாய் அரங்கில் 1881-இல் மின்விளக்கு ஏறியது. பிற அரங்குகளும் ஒவ்வொன்றாக வாயுச் சுடரைக் கைவிட்டன.

லிவ்ரி அன்று உடுத்தியிருந்த உடையில் எரியாமல் எஞ்சிய சில துண்டுகள் பாரிஸ் ஆப்பெராவின் நூலக அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்பட்டிருக்கின்றன.