திடல் இருந்தால்தான் தெரு ஒன்றாகும்



எதிரணி அண்ணாச்சி சொன்னாக: "மாநகராட்சின்னா ரோடு போடணும், சாக்கடை கட்டணும், தண்ணி விடணும். ஊஞ்சலும் சறுக்கும் காசு மிஞ்சினாப் பாத்துக்கலாம்."

ஐயா, காசு மிஞ்சின மாநகராட்சியை யாராவது பாத்திருக்கீங்களா? (சிரிப்பு)

1993-இல் நடைமுறைக்கு வந்த 74-ஆவது அரசியல் சட்டத் திருத்தம், நகராட்சிகளிடம் ஒப்படைக்க 18 பணிகளைப் பட்டியல் போட்டது. அதில் சாலையும் குடிநீரும் இருக்கு. 12-ஆவதா பூங்காவும் விளையாட்டுத் திடலும் இருக்கு! மறுவருஷம் 1994-இல்தான் பாளையங்கோட்டையும் மேலப்பாளையமும் தச்சநல்லூரும் சேர்ந்து நம்ம நெல்லை மாநகராட்சி ஆச்சு. ஆக, நம்ம மாநகராட்சி பிறக்கு முன்னேயே பிள்ளைகளுக்குத் திடல் எழுதி வச்சாச்சு. (கைதட்டல்)

எங்க தெருவுல, பக்கத்து வீட்டுக்காரரும் நானும் எட்டு வருஷமாப் பேச்சே கிடையாது. சுவர்த் தகராறு. ஆனா என் பயலும் அவர் மகளும் காலி மனையில சேர்ந்து கிளித்தட்டு விளையாடுவாங்க. ஒருநாள் என் பய விழுந்து முழங்காலெல்லாம் ரத்தம். தூக்கிட்டு ஓடி வந்தது யாரு? அந்த மனுசன்தான்! பெரியவங்க சேர்த்து வைக்க முடியாததைக் கிளித்தட்டு சேர்த்து வச்சிருச்சு.

இப்ப அந்த மனையில வீடு வந்தாச்சு. பிள்ளைக தெருவுல ஆடினா, "ஏலே, தள்ளிப் போல, வண்டி வருது"ங்கிறோம். எங்கே போவான்? செல்போனுக்குள்ள போயிட்டான்.

"வ.உ.சி. மைதானம் இருக்கே"ன்னு கேப்பீங்க. இருக்கு, பெருமைதான். ஆனா ஆறு வயசுப் பிள்ளை பெரிய ரோட்டைத் தாண்டித் தனியாப் போக முடியுமா?

உலகப் போரில் நொடிஞ்ச ஆம்ஸ்டர்டாம் நகரம் என்ன செஞ்சது? 1947-இலிருந்து சுமார் 30 வருஷத்தில், ஆல்டோ வான் ஐக் என்ற கட்டடக் கலைஞரை வச்சு 700-க்கும் மேல திடல் போட்டது. தெருமுனையில கிடந்த காலியிடம்; ஒரு மணல்தொட்டி, நாலு கல்லு, தொங்கக் கம்பி. அவ்வளவுதான்!

நம்ம தமிழ்நாட்டிலும், பெரிய மனைப்பிரிவு போட்டா சாலை போக 10 சதவீத நிலம் பொது வெளிக்கு விடணும்னு விதி இருக்கு. அந்த இடத்துக்கு வேலி போட்டுப் பூட்டாதீங்க, மணலைக் கொட்டுங்க!

பிள்ளை ஓடினா சுகாதாரம். பாத்துக்கிட தாய்மார்கள் வந்து உக்காந்தா, ஆள் நடமாட்டம். அதுவே தெருவுக்குப் பாதுகாப்பு. நாலு வீடு பழகினா ஒற்றுமை. மாநகராட்சி தேடுற மூணும் ஒரே திடல்ல கிடைக்குது.

ஆகவே நடுவர் அவர்களே, சாலை வீட்டுக்கு வீடு வழி போடும். மனசுக்கு மனசு வழி போடுவது திடல்தான் என்று தீர்ப்புச் சொல்லுங்கள். (பலத்த கைதட்டல்)