நற்றாயும் செவிலியும்
(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



தாய்மை பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் என்னைப் பணித்தனர். தாய்மையைப் பாடாத கவிஞர் இவ்வவையில் ஒருவரும் இலர். ஆகவே அதன் பெருமையை மீண்டும் விரிக்க நான் முற்படவில்லை. ஒரு சொல்லையும் ஒரு வாழ்க்கையையும் மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

சொல், 'செவிலி'. இன்று அச்சொல்லைக் கேட்டவுடன் மருத்துவமனையும் வெள்ளுடையும் நினைவில் எழுகின்றன. அகப்பாடல்களிலோ அவள் வளர்ப்புத்தாய். தலைவி உடன்போக்கில் சென்றபின் பெற்றவளாகிய நற்றாய் மனையில் இருந்து புலம்புவாள். செவிலி சுரத்து வழியே தேடிப் புறப்படுவாள். எதிர்ப்படுவோரையெல்லாம் வினவி வினவி, கால் ஓய நடப்பவள் அவளே. நோயாளியைப் பேணுவோர்க்கு இப்பெயரை வைத்தவர் எவராயினும் சங்கப் பாடல்களில் தோய்ந்தவராகத்தான் இருக்கவேண்டும்.

நற்றாயும் செவிலியும் ஒருத்தியே ஆகிவிட்டால் என்ன நேரும்? அவள் பெற்ற மக்கள் ஒரு நாட்டிலும், அவள் பேணவேண்டிய மக்கள் வேறொரு நாட்டிலும் இருந்தால்? இவ்வினாவை வாழ்ந்து பார்த்தவர் ஈவ்லின் பிராண்ட் அம்மையார். அவர் வாழ்ந்த இடம் நமக்குப் புதிதன்று, கொல்லிமலை.

கொல்லி என்றதும் உங்கட்கு வல்வில் ஓரி நினைவுக்கு வருவான், வன்பரணர் வருவார், கண்டார் உள்ளத்தைக் கவர்ந்து உயிரையும் கவரும் கொல்லிப்பாவை வருவாள். நானும் அம்மலையை அவர்கள் வழியாகவே அறிந்திருந்தேன். பாட்டில் அது தேனும் பலாவும் செழித்த மலை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கு வாழ்ந்த மலையாளிப் பழங்குடி மக்கட்கோ அது காய்ச்சலின் மலை. இன்று 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து பேருந்து ஏறுகிறது. அன்று நடந்து ஏறவேண்டும். நடக்க இயலாதவரைச் சுமந்து செல்லவேண்டும்.

ஈவ்லின் 1879இல் இலண்டனில் பிறந்தவர். வசதியான குடும்பம். ஓவியம் பயின்றவர். திருச்சபைப் பணிக்கென இந்தியா வந்து, 1913இல் ஜெஸ்ஸி பிராண்டை மணந்து, அவருடன் கொல்லிமலையில் குடியேறினார். தம் சமயத்தைப் பரப்பவே வந்தார். அதனை மறைத்துப் பேசுவது அவருக்கும் நேர்மையன்று, நமக்கும் நேர்மையன்று. முதற் சில ஆண்டுகளில் மலைமக்கள் எவரும் அச்சமயத்தில் சேரவில்லை. மருந்துக்கு மட்டும் வந்தார்கள். அம்மையார் செவிலியர் பட்டம் பெற்றவர் அல்லர். கணவரும் வெப்பமண்டல நோய்கள் பற்றிக் குறுகிய காலப் பயிற்சியே பெற்றிருந்தார். எனினும் அம்மலையில் வேறு மருத்துவர் யார்?

அங்கே அவர்கள் ஓயாது எதிர்கொண்ட நோய் நரம்புச் சிலந்தி. படிக்கிணற்று நீரில் கண்ணுக்கு எளிதில் தெரியாத சிற்றுயிர் வழியாக உடம்பினுள் நுழையும் புழு அது. ஓராண்டு காலம் உள்ளேயே வளர்ந்து, இரண்டு மூன்று அடி நீண்டு, பெரும்பாலும் காலில் கொப்புளம் உடைத்து வெளியே தலை நீட்டும். அதனை ஒரு சிறு குச்சியில் சுற்றி, நாளொன்றுக்குச் சில விரற்கடை அளவே இழுக்கவேண்டும். அவசரப்பட்டால் அறும், அறுந்தால் எஞ்சிய பகுதி உள்ளே அழுகிச் சீழ் வைக்கும். இவ்வவையில் தார் சுற்றிய கைகள் பல உள்ளன. பட்டிழை அறுந்தால் நம் நெசவாளர் நொடியில் பிணைத்துவிடுவர். இந்த இழை பிணைக்க முடியாதது. வாரக்கணக்கில் நாள்தோறும் அதே காலின் அருகே அமர்ந்து அதே குச்சியைத் திருப்பவேண்டும். இதுவே அத்தம்பதியரின் அன்றாடம். கிணறுகளையும் ஊற்றுகளையும் சுற்றிக் கற்சுவர் எழுப்பினால் புண்ணுற்ற கால்கள் நீரில் படா என்று அம்மையார் ஊர் ஊராகக் கற்பித்தார். கொல்லியில் அந்நோய் ஒழிந்ததில் அவர் பங்கு பெரிது. இந்தியா முழுவதிலும் அது ஒழிந்ததாக 2000ஆம் ஆண்டில்தான் சான்று கிடைத்தது.

முதல் உலகப் போரின் இறுதியில் விஷக்காய்ச்சல் உலகெங்கும் பரவிற்று, கொல்லியையும் விடவில்லை. இவர்களைக் கடுமையாக எதிர்த்துவந்த மலைப் பூசாரி ஒருவர் அதில் வீழ்ந்தார். அச்சத்தால் சுற்றத்தார் நெருங்கவில்லை. பிராண்ட் தம்பதியர் கஞ்சி காய்ச்சி எடுத்துச்சென்று ஊட்டினர். இறக்கும் தறுவாயில் அவர் தம் பெண்மகவை அவர்களிடமே ஒப்படைத்தார். அன்று முதல் ஈவ்லின் அகப்பாடல் கூறும் பொருளிலேயே செவிலி.

இனிச் சொல்லப்போவது எளிதன்று. அவர் பெற்ற மக்கள் இருவர், பால், கோனி. 1923இல் படிப்பின் பொருட்டு இருவரையும் இங்கிலாந்தில் உறவினரிடம் விட்டுவிட்டுப் பெற்றோர் மலைக்குத் திரும்பினர். மகனுக்கு வயது 9. அவன் தந்தையை மீண்டும் காணவே இல்லை. 1929இல், மலேரியா முற்றி வரும் கருநீர்க் காய்ச்சலில் ஜெஸ்ஸி மலையிலேயே மறைந்தார். அதன்பின் தாய் இங்கிலாந்து சென்றபோது மகன் கண்டது, நினைவில் இருந்த அழகிய இளம் அன்னையை அன்று. வளைந்து தளர்ந்த ஒரு மூதாட்டியை. சிறிது காலம் அவர்களுடன் இருந்துவிட்டு அவர் மீண்டும் இந்தியாவிற்கே வந்துவிட்டார்.

இதனைத் தியாகம் என்று பாடிவிடுவது நமக்கு எளிது. அச்சொல்லை நான் தயக்கத்துடனேயே கேட்கிறேன். அத்தியாகத்தின் விலையில் ஒரு பகுதியைக் கொடுத்தவர்கள் இரு சிறுவர். அவர்களை யாரும் கேட்டுச் செய்யவில்லை. நம் அகப்பாடலில் நற்றாயின் புலம்பல் உண்டு, செவிலியின் புலம்பல் உண்டு. கடலுக்கு அப்பால் விடப்பட்ட பிள்ளையின் புலம்பலுக்கு ஒரு துறை இல்லை. கவிஞர் பெருமக்கள் இதனை எண்ணிப்பார்க்க வேண்டுகிறேன்.

அந்தப் பிள்ளை என்ன ஆனான்? நமக்கு மிக அருகில் வந்தான். சிறுவயதில் தந்தையின் வாசலுக்கு மூன்று தொழுநோயாளிகள் வந்தபோது அருகே செல்லலாகாதெனத் தடுக்கப்பட்டவன் பால். புண்ணும் சீழும் கண்டு மருத்துவத்தையே வெறுத்தவன். பின்னர் அறுவை மருத்துவராகி 1946இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். அங்கிருந்து, 2019 வரை நம் மாவட்டத்தின் பகுதியாகவே இருந்த செங்கற்பட்டின் திருமணித் தொழுநோய் மருத்துவமனையைக் காண, ராபர்ட் காக்ரேன் என்னும் மருத்துவரின் அழைப்பில் சென்றார். விரல்கள் மடங்கிப்போன ஒரு நோயாளியின் கையைப் பற்றியபோது, அப்பிடியின் வலிமை அவரைத் திடுக்கிட வைத்தது. அக்கை செத்த கை அன்று. சில தசைகளே செயலிழந்துள்ளன. நல்ல தசையின் நாணை இடம் மாற்றிப் பொருத்தினால் விரல்கள் நிமிரும் என்னும் எண்ணம் அங்கேதான் முளைத்தது. நோய் விரல்களைத் தின்பதில்லை, வலி தெரியாமையால் நேரும் காயங்களே அவற்றை அழிக்கின்றன என்பதையும் பின்னர் அவர் நிறுவினார்.

அன்னையோ அப்போது ஓய்வு பெறவேண்டிய வயதில் இருந்தார். வயது 68 ஆயிற்று, இனி அனுப்ப இயலாது என்றது திருச்சபைப் பணிமன்றம். கெஞ்சி இன்னொரு தவணை பெற்றார். அது முடிந்து, உடன் பணியாற்றியோர் பிரியாவிடை கூற வந்தபோது, பணிமன்றத்திலிருந்து விலகிவிட்டதாகவும் கொல்லிக்குத் தனியே போவதாகவும் அறிவித்தார்! பிள்ளைகளுக்குச் செய்யாததைப் பேரப்பிள்ளைகளுக்காவது செய்திருக்கலாமே என்று எனக்கும் தோன்றுகிறது. ஆனால் மலைமக்கள் அவ்வாறு நினைத்திருக்கமாட்டார்கள்.

பின்னர் ஏறத்தாழக் கால் நூற்றாண்டு. சிறு குடிலில் வாழ்ந்து, மட்டக்குதிரை ஏறிப் பிற மலைகளுக்கும் சென்றார். இடுப்பு முறிந்தபின் இரு மூங்கிற் கழிகளை ஊன்றி நடந்தார். அவரை எல்லாரும் பாட்டி என்றே அழைத்தனர். மகன் பதிவு செய்துள்ள ஒரு செய்தி என்னை நெடுநாள் தொடர்ந்து வந்தது: வாழ்வின் கடைசி இருபது ஆண்டுகள் அவர் தம் வீட்டில் கண்ணாடி வைத்துக்கொள்ளவில்லை. ஓவியம் பயின்ற கண்! வனப்புக்குப் பாவை நிறுத்திப் பாடிய மலையில் இவ்வாறு ஒரு வீடு இருந்தது.

1974 டிசம்பரில், 95ஆம் வயதில் அவர் மறைந்தார். பெட்டி வேண்டா, உடல் மண்ணோடு மண்ணாகவேண்டும் என்பது அவர் விருப்பம். எளிய பருத்தித் துணியொன்றில் சுற்றி, கொல்லிமலையில் அடக்கம் செய்தார்கள்.