பேறுகாலமும் இரவொளியும்

பருத்தித்துறை முனையில் 1916ஆம் ஆண்டு எழுந்த கலங்கரை விளக்கம் மாலுமிகளுக்கு வழிகாட்டவென்று அமைந்தது. தாயின் உடலுக்கோ இருளே வழிகாட்டும் வேளையொன்று உண்டு. அதுவே மகப்பேற்றுக் காலம்.

பொழுது இருண்டதும் மூளையிலுள்ள கூம்புச் சுரப்பி மெலற்றோனின் என்னும் பொருளைச் சுரக்கிறது. இதனை 1958இல் ஆரன் லேர்னர் குழுவினர் பிரித்தெடுத்தனர். கருப்பையைச் சுருங்கச் செய்யும் ஒட்சிற்றோசினுக்கு இது துணைநிற்பதை ஆய்வுகூடச் சோதனைகள் காட்டியுள்ளன. இயல்பான பேற்றுநோவு இரவிலே மிகுதியாகத் தொடங்குவதற்கு இதுவும் ஒரு காரணமென அறிஞர் கருதுவர். கடும் ஒளி இச்சுரப்பைத் தணிக்கும் என்பது 1980இல் புலனாயிற்று. எனினும் அச்சம் வேண்டாம். பகலிலும் பிள்ளைகள் நலமாகவே பிறக்கின்றன.

1990ஆம் ஆண்டின் பின் பல்லாண்டுகள் மின்சாரமின்றி, ஜாம் போத்தல் விளக்கொளியில் வாழ்ந்த வடமராட்சி மக்களுக்கு வெளிச்சத்தின் அருமை நன்கு தெரியும். அதனை வெறுத்தல் தகாது; அளவறிந்து ஆளுதலே தகும். பிள்ளையை ஏந்தும் மருத்துவிச்சியின் கைக்கு நிறைந்த வெளிச்சம் வேண்டும். நோவை எதிர்நோக்கி உறங்கும் தாயின் கண்ணுக்கு மங்கிய விளக்கே போதும். சாளரத்துக்குத் திரையிடுதலும், வீதிவிளக்கின் ஒளியை நிலம்நோக்கித் தாழ்த்துதலும் பெருஞ்செலவு வேண்டாத பணிகள். கர்ப்பிணி உள்ள வீட்டார் இன்றிரவே அவற்றுள் முதலாவதைச் செய்யலாம்.