புனே நகரும் நாமும்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆண்டுதோறும் இவ்விழாவில் காவிரியையும் பொதிகையையும் போற்றிப் பேசுகிறோம். அது நம் கடமையே. ஆயினும் நமக்குச் சோறிடும் இந்நகரைப் பற்றிப் பேசுவது அரிது. இன்று அக்குறையைச் சிறிது தீர்க்க விழைகிறோம்.

நாம் வாழும் இந்தக் கேம்ப், 1817ஆம் ஆண்டுக் கிர்க்கிப் போரில் பேஷ்வா தோல்வியுற்றபின் ஆங்கிலேயர் அமைத்த பாளையம். பார்சிகள், போராக்கள், யூதர் எனப் பல குலத்தார் இங்கே குடியேறினர். 1867இல் கட்டி முடிந்த செந்நிற யூத ஆலயம் இன்றும் அதற்குச் சான்று. 1871இல் பம்பாய் இருப்புப்பாதையும் சென்னை இருப்புப்பாதையும் ரெய்ச்சூரில் இணைந்தன. பிழைப்பு நாடிய தமிழருக்கும் வழி எளிதாயிற்று.

ஆனால் உறவு இரயிலுக்கும் முந்தியது. சிவாஜி மன்னரின் தம்பி வெங்கோஜியின் மரபினர் 1855 வரை தஞ்சையை ஆண்டனர். சிவாஜியின் மைந்தர் ராஜாராம் 1690களில் செஞ்சிக் கோட்டையிலிருந்தே மராட்டிய அரசை நடத்தினார். தஞ்சைப் பெரிய கோயில் சுவரில் சரபோஜி மன்னர் பொறித்த மராத்தி வரலாறு இருக்கிறது. நம் கதாகாலட்சேபத்தில் ஒலிக்கும் சாகியும் திண்டியும் மராட்டியர் தந்த கொடை. இந்நகரின் பண்டார்க்கர் ஆய்வுக் கழகம் மகாபாரதத்தின் மூலபாடத்தை ஆராய்ந்து பதிப்பித்தபோது, சுவடிகளை ஒப்புநோக்கும் பணி தஞ்சை சரஸ்வதி மகாலிலும் நடந்தது. 1966இல் அப்பெரும்பணி நிறைவுற்றதை அறிவித்தவர், திருத்தணியில் பிறந்த டாக்டர் ராதாகிருஷ்ணன்.

1848இல் சாவித்திரிபாய் பெண்களுக்குக் கல்வி புகட்டிய ஊர் இது. 1869இல் வெடிமருந்துத் தொழிற்சாலை, 1954இல் பிம்ப்ரி மருந்து ஆலை, பின்னர் மோட்டார்த் தொழில், இன்று ஹிஞ்சவாடிக் கணினி நிறுவனங்கள் எனத் தொழில் வளர, நம் குடும்பங்களும் வளர்ந்தன. கன்னட நாட்டில் பிறந்த பீம்சேன் ஜோஷி 1953இல் தம் குருநாதர் நினைவாக இங்கே இசைவிழாத் தொடங்கினார். நகரமே அதைத் தன் விழாவாக ஏற்றது. வந்தவர் அன்போடு தந்ததை இந்நகர் மறுத்ததில்லை.

நாம் என்ன தந்தோம்? முப்பது ஆண்டு வாழ்ந்தும், சிவாஜி மார்க்கெட்டில் அரைகுறை இந்தியில் பேரம் பேசுவோர் நம்மில் எத்தனை பேர்! நம் பிள்ளைகளோ மராத்தியைச் சரளமாகப் பேசுகின்றனர். ஊரிலிருந்து பாட்டி எழுதுவதைப் படிக்கத் திணறுகின்றனர். பெற்றோரிடம் ஊர்மொழி இல்லை. பிள்ளைகளிடம் தாய்மொழியின் எழுத்து இல்லை. ஒரே வீட்டில் இரண்டு வறுமை!

மருந்தும் அவ்வீட்டிலேயே உளது. மாலையில் அரைமணி நேரம் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்துச் சொல்லிக்கொடுப்போம். அடுத்த அரைமணி அவர்களிடம் மராத்தி கற்போம். அவர்கள் பிழை திருத்தும்போது வெட்கப்பட வேண்டா. அடுத்த ஆண்டு விழாவில் இம்மேடையில் ஒரு சிறுவன் தமிழ் நூலைப் படிக்கட்டும். அவன் தந்தை, விழாவுக்கு வரும் மராட்டிய அண்டை வீட்டாரை அவர்தம் மொழியில் வரவேற்கட்டும். அன்றுதான் நாம் இந்நகரில் வெறுமனே குடியிருப்பவர் என்ற நிலை நீங்கி, இந்நகரத்தார் ஆவோம்.

வாழ்க தமிழ்! வளர்க புனே!