குப்பை பொறுக்கும் பந்தயமும் நம் குழந்தைகளும்

(கோயமுத்தூர் ஜில்லாவில் கிராமக் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்கள் முன் செய்த பிரசங்கம்)



கடன், வட்டி, உரம், பால் விலை முதலிய விஷயங்களையே பேசிப் பழகிய இச்சபையில் நான் இன்று குப்பையைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். இது நமது சங்கத்திற்குச் சம்பந்தமில்லாத விஷயமென்று எண்ண வேண்டாம். காங்கயம் பக்கத்துக் கொறங்காடுகளைப் பாருங்கள். நம் முன்னோர் கிளுவை வேலி வைத்து, கொழுக்கட்டைப் புல் வளர்த்துக் காத்து வந்த மேய்ச்சல் நிலங்கள் அவை. இப்பொழுது ரஸ்தாவோரத்து வேலிகளில் பாலிதீன் பைகள் சிக்கிப் படபடக்கின்றன. சோற்று மிச்சம் ஒட்டிய பையை மாடு பையோடு விழுங்கி விடுகிறது. அது வயிற்றில் செரிப்பதுமில்லை, எளிதில் வெளியேறுவதுமில்லை. முதல் இரைப்பையில் பந்துபோல் திரண்டு, தீனி தங்க வேண்டிய இடத்தை அடைத்துக்கொள்கிறது. மாடு இளைக்கிறது, கறவை குறைகிறது, சில சமயம் உயிரும் போகிறது. வீதியில் நாம் எறிந்த பையின் நஷ்டம் இவ்விதம் சங்கத்துப் பால் கணக்கில் வந்து சேருகிறது. ஓடையில் எறிந்ததோ, வெள்ளியங்கிரி மலையில் பிறக்கும் நொய்யலில் இறங்கிக் குளங்களின் மதகை அடைக்கிறது; எஞ்சியது காவிரி வரையில் போகிறது.

ஒரு முறை உபயோகித்து எறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்களைத் தமிழ்நாட்டு அரசாங்கம் 2019-ஆம் வருஷம் ஜனவரி மாதம் முதல் தேதியிலிருந்து தடை செய்தது. 2021 டிசம்பரில் மஞ்சப்பையை மீண்டும் பழக்கத்திற்குக் கொண்டுவரும் இயக்கமும் தொடங்கிற்று. ஆயினும் சட்டம் கடைக்காரரைக் கட்டுப்படுத்தலாமேயன்றி, எறிகின்ற கையைக் கட்டுப்படுத்துவது பழக்கமே. பழக்கமோ இளமையில் படிவது.

இதற்கு ஜப்பான் தேசத்தார் ஒரு வழி கண்டிருக்கிறார்கள். மாமித்சுகா கெனிச்சி என்பவர் 2008-ஆம் வருஷத்தில் குப்பை பொறுக்குவதையே ஒரு விளையாட்டுப் பந்தயமாக அமைத்தார். அதற்கு ஸ்போகோமி என்று பெயர். கோமி என்றால் ஜப்பானிய மொழியில் குப்பை. ஒவ்வொரு குழுவும் குறித்த எல்லைக்குள், குறித்த நேரத்திற்குள் குப்பை சேகரித்து, வகை பிரித்து, நிறுத்துக் காட்ட வேண்டும். வகைக்குத் தக்கபடி மதிப்பெண். சிகரெட்டுத் துண்டு எடையில் அற்பமானாலும் அதற்கு மதிப்பெண் மிகுதி. ஓடக்கூடாது என்பது ஒரு விதி. 2023 நவம்பரில் டோக்கியோ நகரில் முதல் உலகப் போட்டி நடந்தது. 21 தேசத்துக் குழுக்கள் கலந்துகொண்டதில் பிரிட்டன் குழு வென்றது.

எங்கள் ஊரிலும் இப்படியொரு பந்தயம் நடந்தது. நானும் என் பேரனும் ஒரே குழுவில் சேர்ந்தோம். முதல் அரைமணியில் அவன் சாக்கடை ஓரத்தையும் விடவில்லை. பிறகு திடீரென்று காணாமற்போய், நிறைந்த பையொன்றுடன் வந்தான். விசாரித்ததில், எங்கள் வீட்டுக் குப்பைக் கூடையைக் கவிழ்த்துக் கொண்டுவந்திருக்கிறான். "அப்புச்சி, எடை கூடினால்தானே ஜெயிக்கலாம்?" என்றான். நான் சிரித்துவிட்டேன், பிறகு யோசித்தேன். குற்றம் குழந்தையினுடையதன்று, கனத்திற்குப் பரிசு வைத்த எங்களுடையதே. கனத்திற்கே பரிசு என்றால், குப்பை மிகுவதல்லவோ பந்தயக்காரனுக்கு லாபம்!

ஆகையால் நமது சங்கம் இப்பந்தயத்தை நடத்துவதானால், சில ஏற்பாடுகளைச் செய்துகொள்ளுமாறு வேண்டுகிறேன்.

முதலாவது, வெயில் ஏறுமுன் ஒரு மணி நேரத்திற்குமேல் நடத்த வேண்டாம். குழுவுக்கு மூன்று குழந்தைகளும் ஒரு பெரியவரும் போதும். கையுறையும் செருப்பும் இன்றி ஒருவரையும் விடலாகாது. கண்ணாடித் துண்டு, ஊசி, மருந்துப் புட்டி, பூச்சிமருந்து டப்பா ஆகியவற்றைக் குழந்தை தொடலாகாது. கண்டால் பெரியவரை அழைக்க வேண்டும். கிணற்றுமேடும் பெரிய ரஸ்தாவும் எல்லைக்குப் புறம்பு.

இரண்டாவது, சேர்த்ததை ஒருபோதும் கொளுத்தக்கூடாது. பிளாஸ்டிக் எரியும் புகை குழந்தைகளின் மூச்சுக்கே விஷம். வகை பிரித்து ஊராட்சியின் தூய்மைக் காவலரிடம் ஒப்புவிக்க வேண்டும்.

மூன்றாவது, இது மிக முக்கியமானது. தெருவைச் சுத்தம் செய்வது இன்ன ஜாதியாருடைய வேலை என்னும் எண்ணம் நம் ஊர்களில் இன்னும் மாயவில்லை. பந்தயத்தன்றும் ஒரு தெருக் குழந்தைகளே குனிவதும் மற்றத் தெருக் குழந்தைகள் வேடிக்கை பார்ப்பதுமாக இருந்தால், அதைவிட நடத்தாமலிருப்பதே மேல். சீட்டுக் குலுக்கி எல்லாத் தெருக் குழந்தைகளையும் கலந்து குழு அமையுங்கள். சங்க டைரக்டர்களின் குழந்தைகள் முதலில் பெயர் கொடுக்கட்டும். தராசருகே நடுவராகத் தூய்மைக் காவலரை நாற்காலி போட்டு உட்காரவையுங்கள். எது எந்த வகையென்று நம்மைவிட நன்கறிந்தவர் அவரே. நாள்தோறும் அவர் செய்யும் வேலையின் அருமையை ஒருநாள் குனிந்து பார்த்த குழந்தை ஆயுளுக்கும் மறவாது.

நான்காவது, பரிசை இரண்டாகப் பிரியுங்கள். முதல் பந்தயத்தில், சரியாக வகை பிரித்த குழுவுக்கு ஒரு பரிசு. ஆறு மாதம் கழித்து அதே எல்லையை மீண்டும் பொறுக்கி நிறுத்துப் பார்த்து, எந்தத் தெருவில் எடை மிகவும் குறைந்திருக்கிறதோ அந்தத் தெருவுக்குப் பெரிய பரிசு. அப்பொழுது வீட்டுக் கூடையைக் கவிழ்க்க ஒரு பேரனுக்கும் ஆசை வராது; எறியப்போகும் தாத்தாவின் கையையே அவன் பிடித்துக்கொள்வான்.

வெள்ளியங்கிரி மலையேறுவோரின் தண்ணீர்ப் புட்டிக்கு வனத்துறையார் அடையாளச் சீட்டு ஒட்டி 20 ரூபாய் முன்பணம் வாங்கி, புட்டியைத் திரும்பக் காட்டினால் பணத்தைத் திருப்பித் தந்திருக்கிறார்கள். நீலகிரியில் 2022-இல் மதுப் புட்டிக்கு 10 ரூபாய் வீதம் இவ்வாறே ஏற்பாடாயிற்று. பொருளுக்கு ஒரு விலை இருந்தால் அதை யாரும் எறிவதில்லை என்பது இவற்றால் விளங்கும். நம் சங்கக் கடையும் தான் விற்கும் டப்பாக்களுக்கு இதே வழியை ஏன் கைக்கொள்ளலாகாது?

அங்கத்தினர்களே, தனித்தனியே சிறு தொகை சேர்த்துப் பெருநிதியாக்கும் வித்தையைக் கற்றவர்கள் நாம். தனித்தனியே எறிந்த சிறு குப்பைதான் இன்று பெருமலையாகியிருக்கிறது. சேர்ந்து கெடுத்ததைச் சேர்ந்தே சரிசெய்யலாம். அடுத்த பொதுக்கூட்டத்திலேயே தேதி குறிப்பீர்களென்று நம்பி, என் பேச்சை முடிக்கிறேன்.